அப்பாவின் தொப்பியும் ஜெப மணியும்

எங்கள் ஊரில் கடவுளை நம்பாதவர் என்று முதன்முதலாகப் பெயர் வாங்கியவர் என் அப்பா. எவால்ட் நோஸ்கே என்ற பெயரைச் சொன்னாலே ஒரு காலத்தில் எங்கள் வின்டுலாவில் குடியேறிய ஜெர்மன் குடும்பங்களின் கிழவிகள் உதட்டைச் சுழிப்பார்கள். பிள்ளைகளை எங்கள் வீட்டுக்கு விளையாட அனுப்பமாட்டார்கள். இப்போது பாருங்கள், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தால் ஊரில் முக்கால்வாசிப் பேர் மதம் இல்லை என்ற கட்டத்தில் குறி போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். அதை யாரும் ஒரு பேச்சாகக்கூட எடுப்பதில்லை. அப்பாவுக்கு இருந்த ஒரே தனித்தன்மையும் அப்படிப் பறிபோனது.

நானும் அந்தக் கட்டத்தில்தான் குறி போடுகிறேன். போன தடவையும் போட்டேன், அடுத்த தடவையும் போடுவேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ரெனாட்டேவுக்கு, அதாவது எனக்கு, வயதான காலத்தில் பக்தி முற்றிவிட்டது என்று பப்பில் ஒரு கதை ஓடுகிறது. நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பின் சீட்டில் ஒருவன் இன்னொருவன் காதைக் கடித்துக்கொண்டிருக்க, முன்னால் கங்காரு குறுக்கே பாயும் சாலையில் ஓட்டுகிறேன். பக்தி முற்றுவதற்கு எனக்கு எங்கே நேரம்?

ஆனால் மணி அடித்தேன். அது உண்மை. ஏன் அடித்தேன் என்பதை யாரும் ஒழுங்காகக் கேட்கவில்லை.

அப்பா சர்ச்சை விட்டது நான் பிறப்பதற்கு முன்னால். எனக்கு ஆர்னோ என்று ஓர் அண்ணன் இருந்தான். நான் பார்க்காத அண்ணன். வீட்டுக்குப் பின்னால் தரைக்கு அடியில் இருந்த மழைநீர்த் தொட்டியின் மூடியை யாரோ சரியாக மூடவில்லை. யார் என்று கடைசிவரை தெரியவில்லை, வீட்டில் யாரும் கேட்டதும் இல்லை. அவனுடைய அடக்க ஆராதனையில் எல்லோரும் எழுந்து நின்று கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, உமது சித்தம் நடக்கட்டும் என்று வரும் வரியில் அப்பா வாயை மூடிக்கொண்டாராம். பிறகு நடுவழியாக வாசலைப் பார்த்து நடந்தார். வாசலுக்குப் போகும் முன்பே, ஆண்கள் தொப்பி போடவே கூடாத சர்ச்சுக்கு உள்ளேயே, எல்லோரும் பார்க்கத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். செத்துப்போன பிள்ளையின் பெயரை ஊர் மறந்துவிட்டது. அந்தத் தொப்பியை மறக்கவில்லை.

அம்மா போகவில்லை. அம்மாவின் பெயர் ஹுல்டா. அவள் அதே வரிசையில் அதே இடத்தில் தொடர்ந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நாளில் மணி அடிக்கும் வேலையைத் தனக்குத் தரும்படி கேட்டாள். அதுவரை பெண்கள் யாரும் அடித்ததில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் முடியாது என்று சொல்ல யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

எங்கள் சர்ச்சின் மணி கோபுரத்தில் இல்லை. பக்கத்து முற்றத்தில் ஓர் இரும்புச் சட்டத்தில் தொங்குகிறது. ஆராதனைக்கு அழைக்க அடிப்பது ஒன்று, அது எல்லா ஊரிலும் உண்டு. எங்களிடம் ஜெப மணி என்று ஒன்று கூடுதலாக இருந்தது. உள்ளே எல்லோரும் கர்த்தரின் ஜெபத்துக்கு எழுந்ததும், அடிப்பவர் பக்கக் கதவு வழியாக வெளியே வந்துவிடுவார். ஜெபம் தொடங்கும் முன் மூன்று அடி. சித்தம் நடக்கட்டும் என்ற வரி முடிந்ததும் மூன்று அடி. ஆமென் சொன்னதும் மூன்று. நோயில் படுத்திருப்பவர்கள், பிரசவ வலியில் இருப்பவர்கள், அறுவடையை விட்டுவிட்டு வர முடியாதவர்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே கூடச் சேர்ந்து சொல்வதற்காக அந்த ஏற்பாடு. அடிப்பவர் வாய்க்குள் ஜெபத்தைச் சொல்லிக்கொண்டே அடிக்க வேண்டும். அப்போதுதான் இடைவெளி சரியாக விழும்.

அம்மா கயிற்றைக் கையில் வாங்கிய அன்று அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். அப்பா ஒருமுறை பீர் அதிகமானபோது எனக்குச் சொன்னார்.

"கடவுளுக்காக எடுக்க வேணாம் எவால்ட். நான் அங்க தனியா நிக்கலன்னு எனக்குத் தெரிஞ்சா போதும். மணி கேட்டா தொப்பிய மட்டும் எடு."

சர்ச்சுக்கு எதிரே சாலைக்கு அந்தப் பக்கம் எங்கள் கோதுமை நிலம். ஞாயிறு காலையில் வேலை செய்வதே ஊருக்கு ஒரு சவால், அதனால் அப்பா கண்டிப்பாக டிராக்டரோடு அங்கே இருப்பார். முதல் மூன்று அடி கேட்டதும் வண்டியை நிறுத்துவார். இறங்கி வந்து வேலியின் மூலைக் கம்பத்தருகே நின்று தொப்பியை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொள்வார். ஒரு வார்த்தை சொல்லமாட்டார். கடைசி அடி ஓய்ந்ததும் தொப்பியைப் போடுவார். அம்மா அதுவரை கயிற்றைப் பிடித்தபடியே நிற்பாள். அவர் தொப்பி தலைக்கு ஏறிய பிறகுதான் அவள் கை கயிற்றை விடும்.

நான் சின்னப் பிள்ளையாக அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ ஞாயிறு அதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அலுப்பாக இருக்கும், காலில் முள் குத்தும். மதியம் சாப்பாட்டு மேசையில் இரண்டு பேரும் ஆட்டுக்கறி வேகவில்லை, சாஸ் பாட்டில் எங்கே என்று பேசுவார்களே தவிர அதைப் பற்றி மூச்சுவிடமாட்டார்கள். எல்லா வீட்டிலும் அப்பா அம்மா இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கல்யாணமாகி, அது முறிந்து, திரும்பி வந்து அப்பாவோடு இருக்கத் தொடங்கிய பிறகுதான் எல்லா வீட்டிலும் அப்படி இல்லை என்று புரிந்தது.

அம்மா இறந்த பிறகு மெர்வின் ஹில்லர் என்ற தனிக்கட்டைக் கிழவர் கயிற்றைப் பிடித்தார். அப்பா அவருக்கும் நிறுத்தினார், அவருக்கும் தொப்பியை எடுத்தார். மெர்வினுக்கு எதிர்ப்பக்கம் தெரியும் அளவுக்குக் கண் இல்லை. அப்பாவுக்கு அது தெரியும். இருந்தும் எடுத்தார்.

போன வசந்தத்தில் சர்ச்சை மூடினார்கள். கடைசியில் வந்துகொண்டிருந்தவர்களை என் பேருந்தின் முன் இரண்டு வரிசையில் உட்காரவைத்துவிடலாம். பிஷப் நகரத்திலிருந்து வந்து ஒரு தாளை வாசித்தார். இந்தக் கட்டடம் இனிமேல் புனிதமானது அல்ல என்றார். கல்லிலிருந்து இறங்கிய புனிதம் அப்புறம் எங்கே போனது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை, கேக் சாப்பிட்டோம். மெர்வின் அதே வாரம் முதியோர் இல்லத்துக்குப் போனார். அடிலெய்டிலிருந்து டாம்சின், டெக்லன் என்று ஓர் இளம் ஜோடி கைக்குழந்தையோடு வந்து சர்ச்சை வாங்கி வீடாக்கிக்கொண்டது. பலிபீடம் இருந்த இடத்தில் சமையல் மேடை. பிரசங்க மேடைக்குக் கீழே சோபா. நல்ல பிள்ளைகள்தான். டாம்சின் வாங்குவதற்கு முன் ஒரு சர்ச்சுக்குள்ளும் போனதில்லையாம்.

அதற்கடுத்த ஞாயிறுகளில் மழையும் குளிருமாக இருந்ததால் அப்பா வெளியே போகவில்லை. டிசம்பர் பிறந்தது, எங்களுக்கு அது கோடை, சூடான வடக்குக் காற்று வீசத் தொடங்கியது. மாக்பை பறவைகள் நிழலில் அலகைப் பிளந்துகொண்டு நிற்கும் வெயில். அப்பா டிராக்டரை எடுத்துக்கொண்டு போனார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று, இருந்தாலும் சாலையோரம் ஒரு துண்டை அவருக்காகவே விட்டுவைத்திருந்தோம். சும்மா மேலும் கீழும் ஓட்டுவார். நான் சமையலறை ஜன்னலில் நின்று உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். வண்டி நின்றது தெரிந்தது. சட்டியை அடுப்பில் ஏற்றி, துணி உலர்த்தி, திரும்பி வந்து பார்த்தபோதும் அவர் கம்பத்தருகே அப்படியே நின்றார்.

ஓடினேன். தொப்பி நெஞ்சில் இருந்தது. வழுக்கை மண்டை சிவந்து கிடந்தது.

"என்னப்பா, வண்டி மக்கர் பண்ணுதா?"

"இன்னும் அடிக்கல."

"சர்ச்சை மூடியாச்சுப்பா. வித்தாச்சு. நான்தான் உன்கிட்ட சொன்னேனே."

"தெரியும். நான் என்ன பைத்தியமா? சர்ச்சை மூடினா என்ன, ஹுல்டா இன்னும் முடிக்கலையே."

அப்பாவின் மூளை அப்போது அப்படித்தான் இருந்தது. கோதுமை விலை சரியாகச் சொல்வார், பிரதமரைச் சரியாகத் திட்டுவார். நடுவில் ஒரு படி மட்டும் உடைந்திருக்கும், நாம் கால் வைக்கும்போதுதான் தெரியும். இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. என் தொப்பியைக் கழற்றி அவர் தலையில் வைத்தேன், எடுத்து என்னிடமே கொடுத்தார். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். நகரவில்லை. கடைசியில் முழங்கால் மடங்கி விழுந்தபோதுதான் என்னால் தூக்க முடிந்தது.

ஆஸ்பத்திரியில் இருந்த நர்ஸ் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். இன்னொரு தரம் இப்படி வெயிலில் நின்றால் இங்கே கொண்டுவர வேண்டிய அவசியம் இருக்காது என்றாள்.

அடுத்த ஞாயிறு டிராக்டர் சாவியை மாவு டப்பாவுக்குள் ஒளித்துவைத்தேன். அப்பா தொப்பியைப் போட்டுக்கொண்டு நடந்தே கிளம்பிவிட்டார். கதவைப் பூட்டியிருக்கலாம். பூட்டிய கதவுக்குப் பின்னால் அப்பா தொப்பியோடு நிற்பதை நினைத்துப் பார்த்தேன், முடியவில்லை. அவருக்கு முன்னால் போய்விடலாம் என்று பிக்கப்பை எடுத்துக்கொண்டு சர்ச்சுக்கு ஓட்டினேன்.

டாம்சின் இரவு உடையில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். மணியை அடிக்க வேண்டும் என்றேன். ஏன் என்று மூச்சிரைக்கச் சொன்னேன். அவள் என் காலருகே கையைக் காட்டினாள். மணியின் நாக்கு அங்கே கிடந்தது. காற்றில் கணகணவென்று ஆடிக் குழந்தையின் தூக்கம் கெடுகிறது என்று டெக்லன் கழற்றி, கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்திருந்தான்.

மாட்ட நேரமில்லை. பிக்கப்பிலிருந்து வேலி அடிக்கும் சுத்தியலை எடுத்து வந்தேன். அப்பா கம்பத்துக்கு வந்து சேர்ந்திருந்தார், தொப்பியை எடுத்தாயிற்று. மூன்று, மூன்று, மூன்று. அடித்து முடித்து அவரைப் பார்த்தேன். தொப்பி நெஞ்சிலேயே இருந்தது. சரியாகக் கேட்கவில்லை போல என்று இன்னொரு சுற்று அடித்தேன், இன்னும் பலமாக. அவர் கல்லாக நின்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சுத்தியலோடு சாலையைக் கடந்து போனேன்.

"நான்தான் அடிச்சேன். கேட்டுதுல்ல? போடு தொப்பிய."

"யாரும் சொல்லலையே."

"என்னத்த சொல்லல?"

"ஜெபத்த. அடி மட்டும் வருது, நடுவுல ஒண்ணும் இல்ல. கழுவுன சட்டிய கவுத்து வைக்கிற மாதிரி இருக்கு."

"உனக்குத்தான் நம்பிக்கையே இல்லியே. உனக்கு எதுக்குப்பா ஜெபம்?"

"எனக்கு எதுக்கு? எனக்கு வேணாம்." அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை, மணியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவ ஆரம்பிச்சிருக்கா. முடிக்கட்டும். பாதியில நான் எப்பிடி தொப்பிய போடறது?"

அவர் நெற்றியில் வியர்ப்பது நின்று தோல் காய்ந்துபோயிருந்தது. வியர்வை நின்றால் என்ன அர்த்தம் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். திரும்பி ஓடினேன்.

பதினான்கு வயதில் நான் அந்த ஜெபத்தை விட்டேன். விட்டது என்றால் ஆத்திரப்பட்டு விட்டதில்லை, குடை மறந்துவிட்டு வருவதுபோல எங்கேயோ வைத்துவிட்டு வந்துவிட்டேன். வராது என்றுதான் நினைத்தேன். மூன்று அடி அடித்துவிட்டு வாயைத் திறந்தேன், வந்தது. அம்மாவின் ஜெர்மனிலேயே வந்தது, அவள் மூச்சு விடும் இடத்தில் நானும் மூச்சு விட்டேன். சித்தம் நடக்கட்டும் என்ற வரியில் மட்டும் நின்றுவிட்டேன். ஆர்னோ விழுந்த அந்தத் தொட்டிக்கு மேலே இப்போது சிமென்ட் போட்டு மூடியிருக்கிறது. நான் சின்ன வயதில் அதன் மேல் நின்றுதான் கயிறு தாண்டி விளையாடுவேன், அம்மா ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். இங்கே வந்து ஒவ்வொரு வாரமும் இந்த வரியை எப்படித்தான் சொன்னாளோ. சொல்லிவிட்டுக் கயிற்றை வேறு இழுத்திருக்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். மூன்று அடி. மீதியையும் சொன்னேன். ஆமென். மூன்று அடி.

அப்பா தொப்பியைப் போட்டார். திரும்பி வீட்டைப் பார்த்து நடந்தார். நான் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு அந்தச் சட்டத்திலேயே சாய்ந்து அழுதேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. டெக்லன் நாக்கை மறுபடி மாட்டிக்கொடுத்தான். மற்ற நாட்களில் காற்றுக்கு ஆடாமல் இருக்க அதற்கு ஒரு பழைய சாக்ஸைச் சுற்றிவைத்தான். ஞாயிறு வந்தால் நான் போய் சாக்ஸை உருவுவேன். கோடை முழுக்க ஒரு வாரம் விடாமல் அடித்தேன். நம்பாத அப்பாவின் தலையில் தொப்பியைப் போடவைக்க நம்பாத மகள் ஜெபம் பண்ணுகிறாள் என்று பப்பில் சிரித்தார்கள். சிரிக்கட்டும், எனக்கே சிரிப்பாகத்தான் இருந்தது.

எல்சா டிராகர் மட்டும் சிரிக்கவில்லை. கடைசிவரை சர்ச்சுக்கு வந்தவர்களில் ஒருத்தி, ஊர் எல்லையில் தனியாக இருக்கிறாள். மளிகைக் கடையில் என் தள்ளுவண்டியைக் குறுக்கே மறித்தாள்.

"நம்பிக்கை இல்லாத உன் கை அடிக்கிற மணிக்கு நான் ஜெபம் பண்ணணுமா?"

"பண்ணாதீங்க எல்சா. யாரு பண்ணச் சொன்னா?"

"பண்ணிட்டேனே," என்றாள். "ஒவ்வொரு வாரமும் பாத்திரம் கழுவுற இடத்துல நின்னு பண்ணிட்டேனே." ரொட்டியைக்கூட எடுக்காமல் போய்விட்டாள்.

டாம்சினுக்கு வேறு தொல்லை. ஒரு நாள் நான் சாக்ஸைச் சுற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். நான் யாரோடு பேசுகிறேன் என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். மணியோடு என்றேன். சிரிக்கவில்லை. குழந்தையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினாள்.

"நீங்க முதல் மூணு அடிக்கிறீங்கல்ல, அப்ப உள்ள ஒரு சத்தம் வருது ரெனாட்டே. தரையில. ஒரு கூட்டமே ஒண்ணா எழுந்து நிக்கிற மாதிரி."

"தகரக் கூரைம்மா. வெயில் ஏற ஏற விரியும். மரத்தையும் சேத்து இழுக்கும்."

"மத்த நாள்ல வரலியே."

"வரும். மத்த நாள்ல நீ காது குடுக்கல, அவ்வளவுதான்."

அந்த வீட்டில் தங்களால் சத்தமாகச் சண்டை போட முடியவில்லை என்றாள். டெக்லனைத் திட்ட வேண்டும் என்றால்கூடக் குரல் தானாகத் தாழ்ந்து கிசுகிசுவென்று ஆகிவிடுகிறதாம். ஒரு வீட்டில் சண்டை இல்லாமல் இருப்பது நல்லதுதானே என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் அதற்குப் பிறகு முதல் மூன்று அடிக்கும்போது நானும் உள்பக்கம் காது கொடுக்க ஆரம்பித்தேன். சத்தம் வந்தது. கூரைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஈஸ்டர் போனது. விதைப்புக்கு முந்தைய முதல் மழை பெய்து மண் கறுத்தது. அப்பா மெலிந்துவிட்டார். டிராக்டரில் அவரால் ஏற முடியாததால், ஞாயிறுதோறும் நான் பிக்கப்பில் கொண்டுபோய்க் கம்பத்தருகே விட்டுவிட்டுச் சாலையைக் கடந்து மணிக்கு வருவேன். இரண்டு கையையும் கம்பத்தின் மேல் போட்டுச் சாய்ந்து நிற்பார், தொப்பியைக் கம்பத்துக்கும் நெஞ்சுக்கும் நடுவில் பிடித்துக்கொள்வார். வழியில் ஒரு தடவை என் கையைத் தட்டிக்கொடுத்தார். "நல்லா அடிக்கிற ஹுல்டா," என்றார். நான் திருத்தவில்லை.

அந்த ஞாயிறு பனிமூட்டமாக இருந்தது. வெயிலே இல்லை, கூரையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அப்பாவுக்குக் கம்பளிக் கோட்டின் பட்டனை எல்லாம் போட்டுவிட்டுக் கம்பத்தருகே நிறுத்தினேன். குளிருதா என்று கேட்டேன். போய் வேலையைப் பார் என்று தலையை ஆட்டினார்.

மூன்று அடித்தேன். அவர் தொப்பியை எடுத்தது மூட்டத்தில் மங்கலாகத் தெரிந்தது. ஜெபத்தைச் சொன்னேன். நடு மூன்று. மீதி. ஆமென். கடைசி மூன்று. கயிற்றைப் பிடித்தபடி, தொப்பி ஏறுவதற்காகக் காத்திருந்தேன்.

ஏறவில்லை.

நான்தான் எங்கேயோ ஒரு வரியை விழுங்கிவிட்டேன் போல என்று நினைத்தேன். அவர் காது அப்படி. சரி, கிழவனுக்கு ஒழுங்காகவே சொல்கிறேன் என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு சொல்லையும் அம்மா சொல்வதுபோல நிறுத்திச் சொன்னேன். ஒரு வரியும் விடவில்லை. கடைசி அடி ஓய்ந்தது. மூட்டம் கொஞ்சம் கலைந்தது. அப்பா கம்பத்தின் மேல் இரண்டு கையையும் போட்டு, இந்தப் பக்கம் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.

அப்போது ஒரு காற்று வந்தது. தொப்பி நழுவிக் கீழே விழுந்தது. உழவுச்சால் ஓரமாக உருண்டது, நின்றது, மறுபடி உருண்டது. அந்தத் தொப்பியை அவர் எவ்வளவு காலமாக வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். அது தொலைந்துவிடக் கூடாது என்று பாடாய்ப் படுவார். அவர் தலை திரும்பவில்லை.

எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியவில்லை என்று சொன்னால் பொய். ஓடிப் போயிருக்க வேண்டும், போயிருக்கலாம், சாலையைக் கடந்தால் ஆயிற்று. கால் வரவில்லை. கை கயிற்றில் இருந்தது. தொப்பி தலைக்கு ஏறாமல் அந்தக் கை கயிற்றை விடுவதை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

மூன்று அடித்தேன்.

உள்ளே எழுந்து நின்றார்கள். சோபாவும் தொட்டிலும் மட்டும் இருந்த அந்தக் கூடத்தில், தரைப் பலகை முழுக்க, முன்வரிசையிலிருந்து பின்வரிசைவரை எழுந்து நிற்கும் சத்தம் எனக்குக் கேட்டது. அன்று வெயில் இல்லை.

ஜெபத்தைச் சொன்னேன். அதுவரை சொன்னதெல்லாம் இடைவெளிக்காகச் சொன்னது, மணிக்காகச் சொன்னது. இது அப்படி இல்லை. யாரிடம் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது, ஆனால் யாரிடமோ சொன்னேன். அந்த வரி வந்தது. அப்பா வாயை மூடிக்கொண்ட வரி, அம்மா வாராவாரம் சொன்ன வரி.

"வேண்டாம்," என்றேன். "நடக்க வேண்டாம்."

மூன்று அடித்தேன். மீதியைச் சொன்னேன். மூன்று அடித்தேன்.

பக்கக் கதவு திறந்தது. டாம்சின் குழந்தையோடு ஈரப் புல்லில் வெறுங்காலோடு வந்து என் பக்கத்தில் நின்றாள். வழக்கத்துக்கு அதிகமாக மணி கேட்டதும் பயந்து வந்திருக்க வேண்டும். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்தாள்.

"ரெனாட்டே," என்றாள். அந்த வீட்டில் பேசும் அதே தாழ்ந்த குரலில் கேட்டாள். "தொப்பி போட்டுட்டாரா?"

"இன்னும் இல்ல," என்று சொல்லிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.